காலை ஊனாதே கண்ணு

ஏங்கண்ணு, அடுத்த மாசத்து டிரயல்ஸ் பைக் பந்தயத்தை நடத்தறதுக்கு உன்னையவே கிளார்க் ஆஃப் த கோர்ஸாப் போட்டுட்டாங்களாமே? சந்தோசம். கிளப்புல மத்தவங்களுக்கெல்லாம் அன்னிக்குன்னு பாத்து இடுப்பு வலி, மச்சினன் கலியாணம், நாய்க்குச் சீக்குன்னு ஆளுக்கொரு சோலி இருந்திருக்கும். நீயி அந்தக் கூட்டத்துக்குப் போனயா, போகவே இல்லியா? போகலைன்னுதான் எனக்குப் படுது. வராதவன் தலையில பொறுப்பைக் கட்டி உடறது கீத்லியிலயும் ஒண்ணுதான், நம்ம காங்கயத்துலயும் ஒண்ணுதான்.

அதோட நிக்காம, 'நடத்தறதும் நாந்தான், அன்னிக்கு ஓட்டறதும் நாந்தான்'னு உங்கம்மாகிட்டச் சொன்னயாமா. ரெண்டையும் ஒரே நாள்ல பண்ணினவங்க இந்த யார்க்‌ஷயர்ல இல்லாம இல்ல. சாயங்காலம் அவங்க மூஞ்சியைப் பாத்திருக்கயா? பாத்துட்டு வந்து அப்பறம் பேசு.

ஊருல இருந்து உங்க சின்னத் தாத்தன் போன்ல கேட்டான், 'பேரன் பைக் பந்தயம் ஓட்டறானாமா, எத்தனை வேகத்துல போவான்'னு. 'பக்கத்துல நடந்து போறவன் முந்தீட்டுப் போவான்'னு உள்ளதைச் சொன்னேன். லைன் கட்டாயிருச்சுன்னு நெனச்சு, 'அலோ, அலோ'ங்கறான். எடுத்துச் சொன்னேன். ஓடையில பாறையும் பாசியும் வேருமாக் கெடக்கற எடமாப் பாத்துக் கொடி நட்டிருப்பாங்க. அதுக்குள்ள காலை ஊனாம, நிக்காம, உழுகாம வண்டியை ஓட்டி அந்தக் கடைசியில கொண்டு போய்ச் சேத்தோணும். அதுக்குச் செக்‌ஷன்னு பேரு. ஒருக்கா ஊனினா 1, ரெண்டுதரம்னா 2, அதுக்கு மேல எத்தனை ஊனினாலும் 3. உழுந்தாலோ, கொடிக்கு அந்தப் பக்கம் போயிட்டாலோ 5. ஊனாமயே வந்துட்டா சைபர். அதைக் கிளீன்னு சொல்லுவாங்க. 10 செக்‌ஷன், 4 சுத்துன்னா 40 தடவை இதே கூத்து. கடைசியில ஆருக்குக் கொறச்ச மார்க்கோ அவன் செயிச்சான்.

'அப்ப, சைபர் வாங்கினா முதல் பரிசா'ன்னான். ஆமான்னேன். 'நம்ம பையனுக்குத்தான் கப்பு. பள்ளிக்கோடத்துலயே பழகினதுதானே'ன்னு சொல்லிப் போனை வெச்சுட்டான். நான் சொல்லலை கண்ணு, அவன் சொன்னது.

வண்டிக்கு உக்கார ஒரு சீட்டுக் கூட இல்லைங்கறதை மட்டும் அவன்கிட்டச் சொல்லலை. நீயி அத்தனை பவுனு கொட்டிக் குடுத்து, நின்னுட்டே ஓட்டறதுக்கு ஒரு வண்டி வாங்கியிருக்கறேன்னு தெரிஞ்சா பங்காளிகளைக் கூட்டிப் பஞ்சாயத்து வெச்சுருவான். மொத்தமே 70 கிலோதான் இருக்குது. டேங்குல ஊத்தறது ரெண்டு, மூணு லிட்டர் பெட்ரோலு. பின் டயருக்கு 4, முன் டயருக்கு 5, 6ன்னு காத்து. புல்லட்டுக்கு 30 வெக்கற நம்மூரு பஞ்சர்க் கடைக்காரன் இதைப் பாத்தா, 'இதுல எப்பிடிங்கய்யா வந்தீங்க'ன்னு சாவியைப் புடுங்கி வெச்சுக்குவான். ஆனா அந்தக் காத்துக் கொறச்சல்லதான் சூட்சுமமே இருக்குது. டயரு கல்லு மேல படிஞ்சு அதைக் கவ்வுது. காத்தை ஏத்தி உட்டயின்னா கல்லு உன்னைய ஓடையில தள்ளி உட்டுட்டு அது பாட்டுக்குக் கெடக்கும்.

புல்லட்டுன்னதும் ஞாபகம் வருது. ஊருல களத்துல சாக்குப் போட்டு மூடி நிக்குதே என்ற புல்லட்டு, அதைப் பாக்கறப்பெல்லாம் சிரிக்கறயே. அதோட பூர்வீகம் உனக்குத் தெரியுமா? 1948ல கோல்மோர் கப்புன்னு இங்கத்த ஒரு டிரயல்ஸ். ரெடிட்ச் ஊரு என்ஃபீல்டு கம்பெனிக்காரங்க, பின் சக்கரத்துக்கு ஸ்பிரிங் வெச்ச புதுப் புல்லட்டை முதல் முதல்ல அங்கதான் எறக்கினாங்க. பின்னால ஸ்பிரிங் இருந்தா சேத்துல பிடிமானமே இருக்காதுன்னு சாதிச்ச காலம் அது. ஜானி பிரிட்டன்னு ஒரு பையன் அதே புல்லட்டுல ஸ்காட்லாந்துக்காரங்களோட ஆறு நாள் டிரயல்ஸை 1952லயும் 1957லயும் செயிச்சுக் காட்டினான். நடுவுல, 1955ல, புல்லட்டு மெட்ராசுக்கு வந்து சேந்துச்சு. பாறை ஏறப் பொறந்த வண்டியில நாங்க பால் கேனும் பருத்தி மூட்டையும் ஏத்தினோம். 2019ல கம்பெனிக்காரங்களே புல்லட் டிரயல்ஸ்ன்னு பேரு வெச்சு அந்தப் பையன் ஞாபகமா ஒரு வண்டி உட்டாங்க. ஆகையினால, இனி என்ற வண்டி முன்னால சிரிக்கறதா இருந்தா செருப்பைக் கழட்டிட்டுச் சிரி.

உங்கூருப் பெருமையும் கொஞ்சம் தெரிஞ்சு வெச்சுக்க. ஷிப்லியில ஆல்ஃபிரட் ஸ்காட்டுன்னு ஒரு முதலாளி, டூ ஸ்ட்ரோக் வண்டி செஞ்சு வித்தவரு. 1914ல தன்ற தொழிலாளிகளைப் பாத்து, 'இங்கிருந்து காடு மேடெல்லாம் தாண்டி பர்ன்சால் வரைக்கும் ஓட்டிருவீங்களாடா'ன்னு கேட்டாரு. முதலாளி கேட்டா எவன் மாட்டேங்கறது? 14 பேரு கெளம்பி 9 பேரு போய்ச் சேந்தாங்க. மிச்ச 5 பேரும் மறுநா எந்த மூஞ்சியோட வேலைக்கு வந்திருப்பாங்கன்னு நெனைச்சாலே எனக்குச் சிரிப்பு. அந்த ஸ்காட் டிரயல்ஸ் இன்னும் ஸ்வேல்டேல் பக்கம் நடக்குது. அதுல ஒரு வில்லங்கம் வேற. வெரசா வந்து சேந்தவனோட நேரத்தை வெச்சு, பின்தங்கி வர்றவனுக்கெல்லாம் நேரத்துக்கும் மார்க்குப் போடுவாங்க. நிதானமாப் போனாக் கடிகாரம் கடிக்கும், அவுதிப்பட்டாப் பாறை கடிக்கும். நீயி அங்கெல்லாம் இப்பத்திக்குப் போக வேண்டாம். உங்கம்மாளுக்கு ரத்தக் கொதிப்பு.

கீத்லிக்குப் பக்கத்துலயே சில்ஸ்டன். 1975ல மொத உலகப் பட்டம் வாங்கின மார்ட்டின் லாம்ப்கின் அந்த ஊருக்காரரு. அவரு மகன் டக்கி 1997லிருந்து 2003 வரைக்கும் ஏழு வருசம் அதே பட்டத்தை வெளியில உடலை. அவரே 2016ல ஐல் ஆஃப் மேன் தீவை, 37 மைலுக்கு மேல, முன் சக்கரம் தரையில படாமச் சுத்தி வந்தாரு. ரெண்டு சக்கரத்துக்குக் காசு குடுத்துட்டு ஒண்ணுல ஓட்டினா, மிச்சத்தை வித்துப் போட்டிருக்கலாமில்ல? இதை நான் கிளப்புல சொன்னப்ப ஒருத்தரும் சிரிக்கலை. டக்கி பேரை எடுத்தா இந்தப் பக்கம் தொப்பியைக் கழட்டறவங்க அவங்க.

நீயி பாக்கறதென்னமோ அந்தத் தோனி போவோட வீடியோ. 2007லிருந்து 2024 வரைக்கும் ஒரு வருசம் பாக்கி உடாமப் பட்டம் எடுத்தவன். ஆளு ஒசரப் பாறை மேல வண்டியோட எகிறிக் குதிக்கறான். அதைப் பாத்துட்டு நீயி கட்டுத்தரைக் கல்லு மேல குதிச்சுப் பாத்ததும், முட்டியில மஞ்சப் பத்துப் போட்டதும் எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்காதே. பத்து அரைச்சுக் குடுத்ததே நாந்தான்.

சரி, பந்தயத்தை எப்படி நடத்தறதுன்னு கேட்டயில்ல. நான் ஏழாவதோட நின்னவன், இருந்தாலும் சொல்றேன்.

மொதல்ல, தோட்டக்காரனைப் போய்ப் பாக்காதே. நீயி கிளார்க் ஆஃப் த கோர்ஸு, போய் நின்னா மதிப்பென்னத்துக்காகும்? ஞாயித்துக்கெழம காலையில 60 வண்டியும் 60 வேனுமாத் தன்ற காட்டுக்குள்ள வந்து நின்னா அவனே பூரிச்சுப் போவான். வரும்போது கேட்டைத் தெறந்து போட்டுட்டு வா. அவனோட செம்மறியெல்லாம் ரோட்டுக்குப் போய் ஊரைப் பாத்துட்டு வரட்டும். கல்லடுக்கிக் கட்டின அந்த வேலிச் செவுரு மேல ஏறி நின்னு வேடிக்கை பாருங்க. 200 வருசம் நின்ன செவுருதானே, இன்னிக்கா உழுந்துரப் போகுது? ஆடு குட்டி போடற ஏப்ரலாப் பாத்துத் தேதி வெச்சயின்னா இன்னும் விசேசம். செனை ஆட்டுக்கு வண்டிச் சத்தம் ரொம்பப் புடிக்கும்.

ஏங்கண்ணு, சிரிக்கறயா? 2001ல இங்க கோமாரி வந்துச்சு. நம்மூருல கோமாரி வந்தா மாட்டைத் தனியாக் கட்டி, வைத்தியம் பாத்து, புண்ணு ஆறற வரைக்கும் காத்திருப்போம். இங்க அப்பிடியில்ல. 60 லட்சத்துக்கு மேல ஆடு மாடுகளைக் கொன்னு எரிச்சும் பொதைச்சும் தீத்தாங்க. நோவு வந்த பட்டி மட்டுமில்ல, அக்கம் பக்கத்துல நல்லா இருந்த பட்டியும் போச்சு. அந்த வருசம் ஸ்காட்லாந்து ஆறு நாள் டிரயல்ஸே நடக்கலை. காட்டுக்குள்ள மனுசன் கால் வெக்கறதுக்கே தடை போட்டிருந்த நாள்ல சக்கரத்தை ஆரு உடுவாங்க? அதைக் கண்ணால பாத்த பண்ணையக்காரங்க இன்னும் இங்க இருக்கறாங்க. அவன் உன் டயரை உத்து உத்துப் பாத்தான்னா, வண்டி அழகுக்குப் பாக்கறான்னு நெனச்சுக்காதே. போன வாரம் எவன் பட்டிச் சேறு இதுல ஒட்டியிருக்குதுன்னு பாக்கறான். கழுவிட்டுப் போ. பந்தயம் முடிஞ்ச மறுநா, சும்மாவே ஒருக்காப் போய்ச் செவுருல ஏதாச்சும் கல்லு சரிஞ்சிருக்குதான்னு பாத்துட்டு வா. அடுத்த வருசத்துக் காடு அந்த ஒரு நடையிலதான் இருக்குது.

காயிதம், பெர்மிட்டு, இன்சூரன்சு எல்லாம் 1903லிருந்து இருக்கற ஆட்டோ சைக்கிள் யூனியன் பாத்துக்கும். நீயி எழுதற எடத்துல எழுது, கட்டற பணத்தைக் கட்டு. முதலுதவிக்கு ஆளு இருக்குதான்னு மட்டும் ரெண்டுதரம் கேட்டுக்க.

இனி செக்‌ஷன் போடறது. இங்கதான் உன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டோணும். உன்னால மட்டும் ஏற முடிஞ்ச பாறையாப் பாத்துக் கொடியை நடு. வந்தவன் அத்தனை பேரும் 5, 5, 5ன்னு வாங்கிட்டு, 'ஆகா, இவனல்லவா கிளார்க்கு'ன்னு பாராட்டிட்டு, அடுத்த மாசம் வேற கிளப்புக்குப் போயிருவாங்க. காடு காலியா இருக்கும், நீயி தனியா ஓட்டிப் பழகலாம்.

அது வேண்டாம்னா, போன வருசம் பத்து வயசுப் புள்ளை ஒண்ணு கரண்டு வண்டியில, சத்தமே இல்லாம வந்துச்சே, அதை மனசுல வெச்சு ஒரு வழி போடு. எழுபதைத் தாண்டின பெரியவரு டிரையம்ப் வண்டியைத் தள்ளிட்டு வருவாரு, அவருக்கொரு வழி. எங்க இருந்தோ வந்து ஒரு வார்த்தை பேசாம எல்லாத்தையும் கிளீனாப் போறானே ஒருத்தன், அவனுக்குன்னு அதே ஓடையில கஷ்டமா ஒரு வழி. கொடி நெறத்தை மாத்தி நட்டா ஆச்சு. நல்ல செக்‌ஷன்ல எவனும் சாகோணும்னு இல்ல, எவனும் சும்மா வந்துறவும் கூடாது. சுமாரா ஓட்டறவன் ஒண்ணோ ரெண்டோ குடுத்துட்டு, அடுத்த சுத்துல இதைக் கிளீன் பண்றேன் பாருன்னு முனகீட்டுப் போகோணும். அந்த முனகலுக்குத்தான் அவன் அடுத்த மாசமும் வருவான். இன்னொண்ணு: நீயி சனிக்கெழம போட்டப்பக் காஞ்சு கெடந்த வழி, ஞாயித்துக்கெழம இருவதாவது வண்டி போறப்பச் சேத்துல கூழாகிக் கெடக்கும். ராத்திரி மழைன்னு ரேடியோவுல சொன்னா, விடியறதுக்குள்ள எழுந்து போய்க் கொடியை நகத்தி நடு. எழுந்திரிக்கறது உனக்கு வழக்கமில்லைன்னு தெரியும்.

அப்பறம் அப்சர்வர். அதுதான் எல்லாத்துலயும் பெரிய சங்கடம். ஓட்டறேன்னு பேரு குடுக்க எத்தனையோ பேரு; மழையில நின்னு ஊனின காலை எண்ணறதுக்கு ஆளில்ல. கிடைக்கலைன்னா கவலையே படாதே, ஓட்டறவங்களே அவங்கவங்க மார்க்கை எழுதிக்கட்டும். அப்படி நடத்தற எடமும் உண்டு. ஓடையில அரிச்சந்திரங்க எத்தனை பேருன்னு நீயும் தெரிஞ்சுக்கலாம்.

போன ஐப்பசியில என்னையவே பலகையும் பென்சிலும் குடுத்து நிக்க வெச்சயே. மழையில பேனா எழுதாது, பென்சில்தான் எழுதும்னு அன்னிக்குத்தான் பாத்தேன். நல்ல ஏற்பாடு. கூதல்ல கை வெரைச்சு, எழுதறது எழுத்தா கோடான்னு தெரியாமப் போனது வேற சங்கதி. முஷ்டியை மடக்கிக் காட்டினா கிளீன், கையை விரிச்சுக் காட்டினா 5. ஒரு நாளு பூராவும் மனுசங்களைப் பாத்துக் கையை விரிச்சுட்டே நின்னேன். அதுக்கு அவங்க காட்டின மொகத்தைப் பாக்கோணுமே! 'அது ஊனினதில்லை, பூட்ஸு உரசினது'ங்கறான் ஒருத்தன். 'அந்தக் கல்லு முந்தின சுத்துல அங்க இல்லவே இல்லை'ங்கறான் இன்னொருத்தன். எனக்கு இங்கிலீசு வராதுன்னு அவங்க நெனச்சது அன்னிக்குப் பெரிய சவுகரியமாப் போச்சு. நான் அஞ்சு வெரலையும் இன்னும் கொஞ்சம் விரிச்சுக் காட்டினேன். ஆனா அந்த டிரையம்ப் பெரியவரு வெளிய போனவரு திரும்பி வந்து, 'பாறைக்கு அந்தப் பக்கம் எடது கால் ஒருக்காப் பட்டுருச்சு, நீங்க நின்ன எடத்துல இருந்து தெரிஞ்சிருக்காது, 1 போட்டுக்குங்க'ன்னு சைகையில காட்டிட்டுப் போனாரு. செயிச்சவன் பேரு எனக்கு ஞாபகமில்லை, அவரோட தொப்பி நெறம் ஞாபகமிருக்குது. பச்சை.

அதனால, ஒரு அப்சர்வரை நிறுத்தினா ரெண்டு காலும் தெரியற எடமாப் பாத்து நிறுத்து. குடிக்கச் சுடச்சுட ஏதாச்சும் கையில குடுத்துட்டு நிறுத்து. பந்தயம் முடிஞ்சதும் ஓட்டினவங்களுக்கு மட்டும் கப்பைக் குடுத்துட்டு, நின்னவங்களை மறந்து வேனுக்குப் போயிராதே. எத்தனையோ கிளப்பு பணமில்லாம மூடினதில்ல, நிக்க ஆளில்லாம மூடுது. ஓட்டற ஒவ்வொருத்தனும் வருசத்துல ஒரு ஞாயிறு நிக்கோணும்னு நீயி எழுதிப் போடு. போட்ட அன்னிக்கே மொத ஞாயிறு நீயே நில்லு. மாட்டேன்னா, எழுதறதை உட்டுரு.

ஓட்டறதுக்கு நான் என்னத்தைச் சொல்லித் தர? அதுக்குத்தான் வீடியோ இருக்குதே. இருந்தாலும் நின்னு பாத்தவன்ங்கற மொறையில ஒண்ணு. நீயி செக்‌ஷனுக்குள்ள முன் சக்கரத்தையே பாத்துட்டு வர்றே. சக்கரம் அங்கதான் இருக்கும் கண்ணு, எங்கயும் போயிராது. உங்க அம்முச்சி தலையில சோத்துக் கூடையோட வரப்பு மேல நடந்து வருவாளே, காலைப் பாத்தா வந்தா? கடைசியில நிக்கற வேப்பமரத்தைப் பாத்துட்டே வருவா, காலு அது பாட்டுக்கு வரும். அப்படிப் பழகு. வண்டியை நிறுத்திட்டு மொதல்ல நடந்து பாரு, எல்லாரும் பாக்கறாங்க. ஆனா நீயி நடக்கறப்பப் போன்ல பேசிட்டு நடக்கறே.

கணக்கும் தெரியோணும். பாறையில வண்டி சாயுதுன்னு தெரிஞ்சா உடனே ஒரு காலை ஊனி 1ஐக் குடுத்துட்டு வா. நீயி என்னமோ கௌரவம் போயிரும்னு கடைசி வரைக்கும் காலைத் தூக்கிட்டே இருந்து, வண்டியோட சேந்து ஓடையில உழுந்து 5 வாங்கறே. உழுகறப்பவும் காலு மேலதான் இருந்துச்சு, நான் பாத்தேன், அழகாத்தான் இருந்துச்சு. மூணுதரம் ஊனியாச்சா, அப்பறம் வெக்கத்தை உட்டுரு. நாலு, அஞ்சு, ஆறுன்னு துடுப்புப் போட்டாச்சும் நிக்காம வெளியில வா. அதுக்கும் 3தான். நிக்கக் கூடாதுங்கற விதியா, நிக்கலாங்கற விதியான்னு காலையிலயே கேட்டுக்க. ஆளுக்கொரு விதி வெச்சிருக்கறாங்க. நிக்கக் கூடாதுங்கற எடத்துல ஒரு நொடி யோசிச்சயின்னா 5. எஞ்சினை நிறுத்தற கயித்தை மணிக்கட்டுல மாட்டிக்க மறக்காதே. உழுந்தா எஞ்சினாச்சும் நிக்கட்டும்.

சாயங்காலம் ரெண்டு பேரு ஒரே மார்க்குல நின்னா, கிளீன் ஆருக்கு அதிகமோ அவனுக்குத்தான். அதை எண்ணற வேலையை இருட்டினதுக்கு அப்பறம் வெச்சுக்காதே. ரிசல்ட்டை அன்னிக்கு ராத்திரியே போட்டுரு. மறுநாளைக்குன்னு உட்டா அவனவன் மனசுல ரெண்டு மார்க்கு தானாக் கொறஞ்சிரும். கொடியெல்லாம் எண்ணி எடு. போன தடவை ஒரு கொடியை ஆடு தின்னுருச்சுன்னு தோட்டக்காரன் மூணு நாளு போன் பண்ணினானாமா.

நானா? வர்றேன், என்ன போச்சு. ஆனா நின்னுட்டு இருக்க முடியாது, ஒரு மடக்கு நாற்காலி வேணும். நல்ல குடை, உங்கொப்பன் வாங்கினது வேண்டாம், காத்துக்கு மேல மடங்கிக்குது. பிளாஸ்க்குல சக்கரை போட்ட டீ. இவங்க சக்கரை போடாமக் குடுக்கறதை நான் தொட மாட்டேன். எனக்கு ஏழாவது செக்‌ஷனைக் குடுத்துரு. நீயி எப்பவும் உழுகற எடம் அதுதான்னு கிளப்புல பேசிக்கறாங்க. பேரன்னு பாக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். பென்சிலை மட்டும் ரெண்டாக் கொண்டா.